ஏரிக்கு முதுகு காட்டிய ஆக்சிஜன்

கற்பூர வாசனை வந்தால் உங்களுக்குச் சாமி ஞாபகம் வரும். எனக்குக் கம்பெனி கேப் கார் ஞாபகம் வரும். போன வாரம் பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் தெருமுனைக் கோயிலைத் தாண்டும்போது தீபாராதனைத் தட்டிலிருந்து புகை வந்து மூக்கில் ஏறியது. கை கூப்ப வேண்டிய இடத்தில் நான் நிமிர்ந்து நின்று, வயிறு உப்பும்வரை மூச்சை இழுத்து, நிறுத்தி, உஸ்ஸென்று வெளியே விட்டேன். பக்கத்தில் நின்ற அம்மாள் நகர்ந்துகொண்டார். பழக்கதோஷம். எனக்கு அந்தப் பழக்கத்தை ஏற்றிவிட்டவர் ஆக்சிஜன்.

பனிமலையைக் கண்ணால் காணாமலேயே மலையேற்றத்தில் கரைகண்டவர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் கம்பெனியின் கேப்களை மேய்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையில் அச்சாகியிருந்தது. அட்டையை எப்போதும் திருப்பிப் போட்டுக்கொள்வார் என்பதால் அந்தப் பெயர் யாருக்கும் பயன்படவில்லை. யார் எதைப் பேசினாலும் பேச்சைப் பிராணவாயுவில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். கேன்டீனில் சாம்பாரில் உப்பில்லை என்று ஒருவர் முனகினால், “உப்பு இருந்தா மட்டும்? அங்க போனா நாக்குக்கு ருசியே தெரியாது சார், ஆக்சிஜன் கம்மி” என்பார். வேலைப்பளு தாங்கவில்லை என்று ஒரு பெண் கண் கலங்கினால், “இதுக்கே இப்டி மூச்சு வாங்குறியேம்மா, அங்க போனா இன்னா பண்ணுவ?” என்று ஆறுதல் சொல்வார். அங்கே என்றால் இமயமலை. அவர் அங்கே போனதில்லை.

போனதில்லை என்பதை அவர் மறைத்ததும் இல்லை. ஒருநாள் நானே கேட்டேன்.

“அண்ணா, நீங்க மலையே ஏறினதில்லையே, எங்களுக்கு எப்படிப் பாடம் எடுக்கறீங்க?”

“எங்க சர்ச்சு ஃபாதருக்குக் கல்யாணம் ஆயிருக்கா? ஊர்ல எல்லாருக்கும் அவர்தானே கல்யாணம் பண்ணி வைக்கிறாரு.”

சொல்லிவிட்டு அவர் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகர்ந்துகொண்டார். அதன் மூலையில் கற்பூரம் முடிந்திருக்கும். உயரத்தில் மூச்சு முட்டினால் கற்பூரம் முகர வேண்டும் என்று ஏதோ வீடியோவில் பார்த்திருந்தார். கடல் மட்டத்துக்கு எவ்வளவோ மேலே, மலைக்கு எவ்வளவோ கீழே இருக்கிற பெங்களூரில், ஏசி அறையில் உட்கார்ந்து கேப் ஒதுக்கும் வேலைக்கு அது எதற்கு என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு, வந்த இடம் சர்ச்சா கோயிலா என்ற குழப்பம் வந்திருக்க வேண்டும்.

ஆள் கே.ஜி.எஃப்.காரர். தங்கச் சுரங்கம் மூடும்வரை சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர். ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டுக்கு மணியடித்துச் சைகை கொடுப்பது அவர் வேலை. சுரங்கம் மூடியதும் பெங்களூர் வந்து, டிரைவராகி, பிறகு கேப் ஓட்டுகிறவர்களை ஓட்டுகிறவரானார். மலைப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டால் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

“ஆயுசுல பாதி மைனஸ்ல போச்சு கவிஞரே. எவ்ளோ ஆழம் எறங்கினேனோ அவ்ளோ உயரம் ஒருவாட்டி ஏறிட்டு வந்துட்டா சீரோ ஆயிடும். அப்புறம் நிம்மதியா தரைல நடப்பேன்.”

கவிஞரே என்றது என்னை. மென்பொருளுக்குக் கையேடு எழுதுவது என் பிழைப்பு; பத்திரிகைகளில் வசன கவிதை எழுதுவது என் வியாதி. இரண்டாவதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அவர் ஒரு ஏரியைக் குறி வைத்திருந்தார். இமாசலத்தில் ஒரு கணவாய். காலையில் கூடாரத்திலிருந்து கிளம்பி, கணவாயைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கினால் ஏரி. தண்ணீரில் கை நனைத்துவிட்டு, வந்த வழியே திரும்பி, இருட்டுவதற்குள் கூடாரம். ஒருநாள் நடை. கடினம் எவ்வளவு என்ற இடத்தில் ‘மிதமானது’ என்று போட்டிருந்தார்கள். எதற்கு மிதம், யாருக்கு மிதம் என்று போடவில்லை. அவர் ஓய்வு பெறப் போகிற வருஷம் அது. ஓய்வுக்கு முன்னால் ஆபீஸிலிருந்து ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு போயே தீருவது என்று முடிவு செய்தார்.

தடை வீட்டில் இருந்தது. அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவின் அப்பாவும் சுரங்கத்தில் இருந்தவர். கல்தூசி நெஞ்சில் கட்டி, கட்டிலில் உட்கார்ந்தபடியே மூச்சுக்கு அலைந்து செத்தவர். மூச்சு வாங்கும் எந்த விஷயமும் அந்த அம்மாளுக்கு ஆகாது. ஹெப்பகோடியில் அவர்கள் வீட்டுக்கு என்னையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு போனார் ஆக்சிஜன். ஸ்டெல்லா அக்கா எனக்குக் காபி வைத்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார்.

“போய்ட்டு வரட்டும். தினம் இந்த மலைப் பேச்சு கேட்டு எனக்குத்தான் மூச்சு முட்டுது. ஆனா ஏரியப் பாத்துட்டா அதோட சரி. அப்புறம் இந்த வீட்ல மலைன்னு ஒரு சத்தம் வரக்கூடாது. பையைத் தூக்கிப் பரண்ல போட்டுடணும்.”

“பாத்துட்டா சரிதான்” என்றார் ஆக்சிஜன்.

“சத்தியமா?”

“சத்தியமா. ஏரியப் பாத்துட்டா மலை கலாஸ்.”

அன்றிலிருந்து எங்களுக்கு நரகம் ஆரம்பித்தது.

பெயர் கொடுத்தவர்களில் நான் ஒருவன். என் மேனேஜர் ஹரீஷ் ஒருவர். மைசூர்க்காரர், நல்ல மனிதர், எதற்கும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர், அதனாலேயே மாட்டிக்கொண்டவர். அப்புறம் திவ்யா, மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிக்கும் டெஸ்டர், ஆளிடமும் அதையே கண்டுபிடிப்பாள். இன்னும் சிலர், பாவம், படம் பிடித்துப் போடும் ஆசையில் வந்தவர்கள். பெயர் கொடுத்த மறுநாளே எங்கள் யாருக்கும் கேப் வரவில்லை. போன் செய்தால் ஆக்சிஜன் எடுத்தார்.

“உங்களுக்கு கேப் கிடையாது. நடங்க.”

“அண்ணா, மர்பி டவுன்லேந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு எப்படி நடக்கறது?”

“பஸ்ல வாங்க. மேம்பாலம் எறங்கற எடத்துல எறங்கி, அங்கேருந்து பையோட நடங்க. பைல ராகி மாவு பாக்கெட் போட்டுக்குங்க, வெயிட்டுக்கு.”

இப்படியாக, நாட்டின் மென்பொருள் ஏற்றுமதியில் கணிசமான பங்கு வகிக்கும் சில மூளைகள், முதுகில் ராகி மாவைச் சுமந்துகொண்டு, கம்பெனி கேப்கள் எல்லாம் பக்கத்தில் காலியாகப் போக, சர்வீஸ் ரோட்டில் நடந்தன. லிஃப்ட் வாசலில் அவர் நின்றுகொள்வார். எங்களில் யாராவது உள்ளே நழுவப் பார்த்தால், மற்ற பயணிகளிடம் “இவர் மலைக்குப் போறாரு, வழி விடாதீங்க” என்று அறிவித்துவிடுவார். தீ விபத்துப் படிக்கட்டில் ஏறுவோம், இறங்குவோம், ஏறுவோம். அவர் ஏறமாட்டார். கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் ஊதுவார்.

விசிலில்தான் விஷயம் இருக்கிறது. சுரங்கக் கூண்டுக்கு அவர் அடித்துப் பழகிய மணிச் சைகையை அப்படியே விசிலுக்கு மாற்றியிருந்தார். ஒன்று என்றால் நில். இரண்டு என்றால் இறங்கு. மூன்று என்றால் ஏறு. காரணம் கேட்கக்கூடாது. “கூண்டுல யாரும் ஏன்னு கேக்க மாட்டான். கேட்டவன் கை போயிருக்கும்” என்பார். மாதக்கணக்கில் பழக்கினதில், வீட்டில் குக்கர் மூன்று விசில் விட்டால் நான் சோபாவிலிருந்து எழுந்து நின்றேன்.

ஒருநாள் கம்பெனியில் தீயணைப்பு ஒத்திகை வைத்தார்கள். கட்டடத்தில் விசில் வைத்திருந்த ஒரே மனிதர் என்பதால் எங்கள் மாடிக்கு அவரைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். அலாரம் அடித்தது. உற்சாகத்தில் ஆக்சிஜன் மூன்று முறை ஊதிவிட்டார். கம்பெனி முழுவதும் ஒழுங்காகக் கீழே இறங்கிப் புல்தரையில் கூடியது. நாங்கள் மட்டும் மொட்டை மாடியில் போய் நின்றோம். கீழே இருந்த அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

ஹரீஷ் மூச்சிரைக்கக் கேட்டார்: “ஏன் சார் இது? பெங்கி பித்ரெ மேல ஹோக்பேகா?” நெருப்புப் பிடித்தால் மேலேயா போக வேண்டும் என்கிற நியாயமான கேள்வி.

“டைமிங் நல்லா இருந்துச்சு” என்றார் ஆக்சிஜன்.

விசிலுக்கு அடுத்தபடி பரீட்சை. உயரத்தில் மூளைக்குக் காற்றுப் போதாவிட்டால் நடை தள்ளாடும் என்று படித்திருந்தார். ஆகவே ஆபீஸ் காரிடாரில் டைல்ஸ் கோட்டின்மேல், முன்காலின் குதி பின்காலின் நுனியைத் தொட, எங்களை வரிசையாக நடக்க வைப்பார். கோடு தாண்டினால் ஃபெயில். தலைவலி என்றாலும் ஃபெயில். ஃபெயில் ஆனவன் மலையில் அந்த இடத்திலேயே திரும்பி இறங்க வேண்டும். தனியாக இல்லை, ஜோடியாக. “மைன்ஸ்ல ஒருத்தனுக்கு மூச்சு முட்டிச்சுன்னா அவன் ஜோடிக்காரனும் சேந்துதான் மேல வரணும். எங்க சட்டம் அது.” ஜோடிகளையும் அவரே பிரித்தார். ஹரீஷுக்குத் திவ்யா. மற்றவர்களுக்கு மற்றவர்கள். எனக்கு அவர்.

“ஏன் அண்ணா நான்?”

“நீங்க வானத்தப் பாத்துகினு நடப்பீங்க. பள்ளத்துல வுழுந்தா தூக்க ஆள் வேணும்.”

திவ்யா ஒருமுறை குதி உயர்ந்த செருப்போடு நடந்து கோட்டைத் தாண்டிவிட்டாள். “டைல்ஸே கோணல் அங்கிள்” என்றாள். ஆக்சிஜன் ஏற்கவில்லை. அங்கிள் என்றதற்கும் சேர்த்து இன்னொரு முறை நடக்க வைத்தார். அவள் நடந்தாள். டெஸ்டர்கள் மறப்பதில்லை.

ஒருவழியாக இமாசலம் போய்ச் சேர்ந்தோம். வெள்ளை மலையை முதன்முதலாகப் பார்த்ததும் ஆக்சிஜன் என்ன சொல்லப்போகிறார் என்று எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம். நிதானமாகப் பார்த்துவிட்டு, “வீடியோல இன்னும் கிளியரா இருக்கும்” என்றார்.

வழிகாட்டியின் பெயர் நேகி. பேசினால் பிராணவாயு குறையும் என்று ஆக்சிஜன் போதித்து, தானே கடைப்பிடிக்காததைக் கடைப்பிடித்த ஒரே ஆள். ஒரு வார்த்தையில் முடியும் என்றால் இரண்டாவது வார்த்தையைச் செலவழிக்க மாட்டார். இரண்டு நாள் கூடாரத்தில் கிடந்து உடம்பைப் பழக்கிக்கொண்டோம். அந்த இரண்டு நாளும் ஆக்சிஜன், மலையில் பிறந்த நேகிக்கு மலையைப் பற்றிப் பாடம் எடுத்தார். இவருக்கு வருகிற இந்தி, பெங்களூர்ச் சந்தை இந்தி. நேகி புரியாமல் தலையாட்டினாரா, புரிந்துதான் பேசாமல் இருந்தாரா என்று கடைசிவரை தெரியவில்லை.

ஏரிக்குக் கிளம்பிய காலை வானம் கழுவி வைத்தது போல இருந்தது. நேகி முன்னால். ஆக்சிஜன் கடைசியில், பொறுப்பானவன் கடைசியாகத்தான் கூண்டேற வேண்டும் என்பது சுரங்க மரியாதையாம். மரியாதையா, முழங்காலா என்று திவ்யா என் காதில் கேட்டாள். பாதி வழியில் பனிமூட்டம் இறங்கியது. மலையில் மூட்டம் வருவது என்பது யாரோ உங்களை மென்மையாக அழிப்பது. முதலில் முன்னால் போகிறவரின் கால், பிறகு பை, பிறகு தலை. நான் இதை வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பின்னால் வெள்ளைக்குள்ளிருந்து குரல் வந்தது: “கவிஞரே, மூச்சை வேஸ்ட் பண்ணாதீங்க.”

கொஞ்ச நேரத்தில் இரண்டு விசில் கேட்டது.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அத்தனை பேரும் அப்படியே திரும்பி இறங்க ஆரம்பித்தோம். மேலேயிருந்து நேகி ஏதோ கத்தினார். அவர் வாழ்நாளில் அதிகபட்சமாகப் பேசியது அன்றுதான் இருக்கும். நாங்கள் கேட்கவில்லை. பயிற்சி அப்படி. பாதையைவிட்டு விலகி, சரிவில் இறங்கி, நன்றாகவே இறங்கிவிட்டோம். திடீரென்று ஒரு விசில். நின்றோம். என் முழங்காலில் எதுவோ கதகதப்பாக உரசியது. குனிந்து பார்த்தேன். ஆடு.

சுற்றிலும் ஆடுகள். நடுவில் கம்பளி போர்த்திய ஒரு மேய்ப்பர். அவர் வாயில் இரண்டு விரல் இருந்தது. அவர் விசிலடித்தால் நாய் நிற்கிறது, ஆடு நிற்கிறது, நாங்களும் நிற்கிறோம். மனிதர் எங்களைப் பார்த்தார். சோதித்துப் பார்க்கும் ஆசையில் மறுபடி இரண்டு முறை அடித்தார். ஆடுகளும் இறங்கின, ஹரீஷும் இறங்கினார்.

“பேடா சார், வேணாம், நில்லுங்க” என்று திவ்யா அவர் பையைப் பிடித்து இழுத்தாள்.

வெள்ளைக்குள்ளிருந்து ஆக்சிஜன் வெளிப்பட்டார். எங்களைக் காணாமல் அவரும் இறங்கித் தேடி வந்திருக்கிறார். நடந்ததைப் புரிந்துகொண்டதும் அவர் வெட்கப்படுவார் என்று நினைத்தால் நீங்கள் ஆக்சிஜனைப் புரிந்துகொள்ளவில்லை. நெஞ்சு விரிந்தது.

“பாத்தீங்களா, டிரெயினிங்னா இது. நாயி, ஆடு, இன்ஜினியர், எல்லாத்துக்கும் ஒரே கமாண்டு.”

இறங்கிய சரிவை மறுபடி ஏற வேண்டியிருந்தது. எங்களுக்கு அது வெறும் எரிச்சல். அவருக்கு அதுதான் வினை. கீழே நாற்காலியில் உட்கார்ந்து விசில் ஊதியவரின் கால்கள், ஒரே சரிவை இரண்டாம் முறை ஏறுவதற்குச் சம்மதிக்கவில்லை. நாங்கள் கணவாய் உச்சியில் போய் நின்று, கற்குவியலையும் காற்றில் கிழியும் கொடிகளையும் படம் பிடித்து முடித்த பிறகு அவர் வந்து சேர்ந்தார். வந்தவர் பேசவில்லை. ஆக்சிஜன் பேசாமல் இருந்தது அதுவே முதல் தடவை. அந்த உயரத்தில் எங்களுக்கு அதுவரை வராத பயம் அப்போது வந்தது.

திவ்யா அருகே போனாள். “அங்கிள், தலை வலிக்குதா?”

“யாருக்கு?”

“உங்களுக்குத்தான்.”

“குல்லாய் டைட்டு.”

அவள் குரங்குக் குல்லாயைக் கழற்றினாள். “இப்ப?”

“காதுல காத்து பூருது. அதான்.”

“சரி, எழுந்து நடங்க.”

“எங்க?”

“கோட்டுல.” கைத்தடி முனையால் மண்ணில் ஒரு கோடு கிழித்தாள். நேராகத்தான் கிழித்தாள்; நான் சாட்சி. ஆக்சிஜன் அந்தக் கோட்டை எமனைப் பார்ப்பது போலப் பார்த்தார். எழுந்தார். குதிகால் மறுகால் நுனியைத் தொட அடி வைத்தார். ஒரு காலடி சரியாக விழுந்தது. அடுத்தது கோட்டுக்கு இடப்பக்கம். அதற்கடுத்தது வலப்பக்கம், கொடிகளைப் பிடித்துக்கொண்டு.

“தரை கோணலா கீது” என்றார்.

“ஆபீஸ்ல டைல்ஸ் கோணல்னு நான் சொன்னேன். நீங்க ஒத்துக்கிட்டீங்களா அங்கிள்?”

அவர் என் பக்கம் திரும்பினார், மேல்முறையீட்டுக்கு. “கவிஞரே, நீங்க சொல்லுங்க. நேரா வந்தேனா இல்லியா?”

“அண்ணா, திருவிழாத் தேர் மாதிரி வந்தீங்க.”

நேகி ஒரே வார்த்தை சொன்னார்: “நீச்சே.” கீழே. அதற்குமேல் அப்பீல் இல்லை.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஏரி அந்தப் பக்கச் சரிவில் ஒரு மணி நேர இறக்கம்தான் இருக்கும். மனிதர் கற்குவியலில் உட்கார்ந்து, தாம் போட்ட சட்டத்தில் ஓட்டை இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் அவரே தலையாட்டினார். “ஃபெயில்னா ஃபெயில்தான். நீங்கள்லாம் போங்க. நானும் கவிஞரும் எறங்குறோம்.”

இந்த வாக்கியத்தின் பின்பாதி அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜோடி. எனக்குத் தலை வலிக்கவில்லை. நான் எந்தக் கோட்டையும் தாண்டவில்லை. ராகி மாவு சுமந்தேன், மொட்டை மாடி ஏறினேன், ஆட்டோடு ஆடாக நின்றேன். பனி ஏரி ஒன்றைப் பார்த்து நாலு வரி எழுதிவிட மாட்டோமா என்று ஐம்பது வயதுக்கு மேல் இவ்வளவு தூரம் வந்தவனை, மூடிப்போன ஒரு சுரங்கத்தின் சட்டம் பிடித்து இழுத்தது. வாயில் வந்த வார்த்தைகளை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

அந்த நேரம் பார்த்து மூட்டம் விலகியது. திரையை இழுத்தது போல. கணவாய்க்கு அந்தப் பக்கம், கீழே, ஏரி.

இந்த இடத்தில் நான் ஏரியை வர்ணிக்க வேண்டும். வாசகர்களும் எதிர்பார்ப்பீர்கள். வர்ணிக்கப் போவதில்லை. ஏரி இருந்தது. அவ்வளவுதான்.

“நோடி சார், நோடி, பாருங்க” என்று ஹரீஷ் கூவினார். எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். ஆக்சிஜன் என்ன செய்தார் தெரியுமா? வெடுக்கென்று முதுகைத் திருப்பிக்கொண்டு, திவ்யா கையிலிருந்த குல்லாயைப் பிடுங்கித் தலையில் மாட்டி, மோவாய்வரை கீழே இழுத்துவிட்டார். முகமே இல்லை. நூலால் பின்னிய ஒரு பூசணிக்காய் நின்றது.

“யாரும் காட்டாதீங்க” என்றது பூசணிக்காய்.

“அண்ணா, ஏரி தெரியுது. இவ்ளோ தூரம் வந்துட்டு, ஒரு தடவை திரும்பிப் பாத்துட்டுப் போலாம்.”

“வேணாம்.”

“ஏன்?”

“பாத்துட்டா ஸ்டெல்லாகிட்ட கணக்கு முடிஞ்சிடும். பையி பரணுக்குப் போயிடும். இருக்கறது ஒரே வாட்டி. தலைவலியோட, ஃபெயில் ஆகி, இம்மாந் தூரத்துலேருந்து பாக்கறதுக்கா அதைச் செலவு பண்ணுவேன்?”

“பாத்துட்டுப் பாக்கலைன்னு சொல்லிடுங்க.”

“அவகிட்டயா?” குல்லாய் இடமும் வலமும் ஆடியது. “சத்தியம் பண்ணிருக்கேன். அப்புறம், தண்ணில கை வைக்கணும் கவிஞரே. கை வைக்காம பாத்தா அது வெறும் போட்டோ. என்னைப் புடிச்சிகினு எறக்கிவிடுங்க. மறைஞ்சதும் சொல்லுங்க.”

இப்படித்தான், இமயமலையில் ஒரு கணவாயின் உச்சியிலிருந்து, பல வருஷம் தவம் கிடந்த ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடிய ஒரு மனிதரைக் கைபிடித்துக் கூட்டிவந்தேன். நல்லவேளையாகப் பாதை அங்கே அகலம். எதிரே ஏறி வந்த வடக்கத்திக் குடும்பம் ஒன்று, கண் தெரியாதவர் என்று நினைத்து வழிவிட்டு, அவரைக் கும்பிட்டது.

“மறைஞ்சிடுச்சா?”

“இன்னும் இல்லை அண்ணா.”

சில எட்டிலேயே மறைந்துவிட்டது. சொல்வதற்கு நான் அவசரப்படவில்லை.

இறங்க இறங்க அவருக்குத் தலை தெளிந்தது; அதுதான் மலையின் வைத்தியம். தெளிந்த அடையாளமாகப் பாடம் ஆரம்பித்தது. குதிகாலை முதலில் வைக்காதே, முழங்காலைப் பூட்டாதே, மூச்சைப் பிடிக்காதே. கூடாரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்றார். மலையைத் திரும்பிப் பார்த்தார்.

“இப்ப கிளியர் ஆயிடுச்சு கவிஞரே. மெதுவா ஏறிடலாமா?”

நான் அவரோடு வாதாடவில்லை. அவர் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து என் வாயில் வைத்து, இரண்டு முறை ஊதினேன். மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி இறங்கினார்.

சாயங்காலம் மற்றவர்கள் வந்தார்கள். முகமெல்லாம் ஏரி. ஹரீஷ் கூடாரத்துக்குள் தலையை நீட்டி, “ஆக்சிஜன் சார், அந்தத் தண்ணி கலரு” என்று ஆரம்பித்தார். ஒரு விசில் பறந்தது. ஹரீஷ் நின்றார். அதற்கப்புறம் பெங்களூர் வரும்வரை, விமானத்திலும்கூட, யார் செல்போனைத் திறந்தாலும் ஆக்சிஜன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திவ்யா தன் படங்களை யாருக்கும் காட்டவில்லை. அவருக்கு டீ வாங்கி வந்து கொடுத்தாள். “தேங்க்ஸ்மா” என்றவர், கொஞ்சம் யோசித்து, “டைல்ஸ் லேசா கோணல்தான்” என்றார்.

கேப் முதலில் ஹெப்பகோடியில் நின்றது. காலை வெயில். ஸ்டெல்லா அக்கா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். முதலில் கணவர் முகத்தையும் நெஞ்சையும் பார்த்தார். மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று பார்க்கிற பார்வை. அப்புறம்தான் கேள்வி.

“பாத்தாச்சா?”

“பாக்கல.”

“அவ்ளோ தூரம் போய்ப் பாக்கலியா?” அக்கா என்னைப் பார்த்தார்.

“பாக்கலை அக்கா. நான் பக்கத்துலேயே இருந்தேன்.”

அந்த அம்மாள் பையிலிருந்து துருத்திக்கொண்டிருந்த குல்லாயை உருவி, விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது இன்னாது, இப்டி இழுத்து லூசாக்கி வெச்சிருக்கே? அடுத்த வாட்டி வேற வாங்கிக்க” என்றார். பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பரணுக்கு ஏணி போடும் சத்தம் வரவில்லை.

அடுத்த வாட்டி இன்னும் வரவில்லை. ஒரு வருஷம் அவருக்கு முழங்கால், ஒரு வருஷம் மகளுக்குப் பிரசவம். ஓய்வு பெற்று, இருவரும் கே.ஜி.எஃப்.புக்கே குடிபோய்விட்டார்கள். அங்கே சுரங்கக் கழிவு மண்மேடுகளில் காலையில் ஏறி இறங்குகிறாராம். நான் இந்தப் பக்கங்களில் எதைத்தான் எழுதவில்லை? மேம்பாலத்துக்கு அடியில் தேங்கிய மழைநீரைக்கூட ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன். அந்த ஏரியை மட்டும் ஒரு வரி எழுதியதில்லை. ஆக்சிஜன் இந்தப் பத்திரிகையை விடாமல் வாங்கிப் படிக்கிறவர்.

அன்று கேப் கிளம்பும்போது அவர் ஜன்னலில் கையை வைத்து நிறுத்தினார்.

“கவிஞரே, நீங்க திரும்பிப் பாத்தீங்க இல்ல?”

“பாத்தேன் அண்ணா.”

“எப்டி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. சேந்து போய்ப் பாத்துக்கலாம்.”